கடைசிக் குண்டும் சிங்காரவேலு ஐயாவின் கையும்

நான் ஒரு மனிதரின் வலது கையை ஒடித்திருக்கிறேன். அடித்து ஒடிக்கவில்லை. அவரைத் தொடக்கூட இல்லை. பத்தடி தள்ளி நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல், மூன்றே வார்த்தை சொல்லி ஒடித்தேன். (அதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும் என்று என் கணவர் சொல்வார்.)

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஆறு வருடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நர்சுகளும் நாங்களும் சேர்ந்து ஒரு போலிங் அணி வைத்திருந்தோம். வழுவழுப்பான நீண்ட மரத்தளத்தில் கனமான குண்டை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. வேலை, விடுதி, வேலை, விடுதி என்று போன வாழ்க்கையில் வாரத்தில் ஒரு சாயங்காலம் எனக்கு எதிரே பத்துக் கட்டைகள் சாய்ந்தன. அது தலைக்கு ஏறிவிட்டது.

கல்யாணத்துக்காக ஊர் திரும்பியபோது பெட்டியில் என் சொந்தக் குண்டும் வந்தது. அதன் எடைக்காக நான் விட்டுவிட்டு வந்தவை: பால் பவுடர் டின்கள், சின்னம்மா கேட்ட கம்பளி, சித்தப்பாவின் டார்ச் லைட். விமான நிலையத்தில் பையைத் தூக்கிய அப்பா, "என்னம்மா, தங்கமா?" என்று ரகசியமாகக் கேட்டார். குண்டு என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

தஞ்சாவூரில் இந்தக் குண்டை வைத்து என்ன செய்வது என்று இருந்தபோதுதான் ஜபருல்லா பாய் போலிங் கூடம் திறந்தார். பஹ்ரைனில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர். முன்பு அரிசி குடோனாக இருந்த கட்டடத்தில் நாலு தளம் போட்டு, ஏசி வைத்து, நீல விளக்கு எரியவிட்டார். மழைக்காலத்தில் உள்ளே இன்னும் தவிட்டு வாசனை வரும்.

சனங்கள் வந்தார்கள். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பட்டுப்புடவையோடு வந்தார்கள். "ஊரான் போட்ட ஷூவையா நான் போடுறது?" என்று வாசலிலேயே சண்டை பிடித்தார்கள். ஒரு குண்டைக் குடும்பமே சேர்ந்து பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். தளத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தை வாய்க்கால் என்றார்கள். "ஐயையோ, வாய்க்காலுக்குப் போயிருச்சு!" என்று ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கூச்சல்.

எங்களுக்கு எரிந்தது. எங்களுக்கு என்றால், வெளிநாட்டில் ஆடிப் பழகித் திரும்பிய ஏழு பேருக்கு. துபாயில் கிரேன் ஓட்டிய செபாஸ்டின் அண்ணன்தான் தலைவர். நான் ஒருத்திதான் பெண். ஞாயிறு காலைகளில் லீக் நடத்தினோம். மணிக்கட்டுக்குப் பட்டை, வியர்வை துடைக்கத் துண்டு, முகத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற களை. பக்கத்துத் தளத்தில் யாராவது சிரித்தால் திரும்பி முறைப்பேன். ஒரு தடவை பிறந்தநாள் கேக் வெட்டிய குடும்பத்தைப் பாட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். அந்தக் குழந்தை மெழுகுவர்த்தியை ஊதாமல் என்னையே பார்த்தது. அதைக்கூட நான் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் என் ஏற்பாடு.

ஒன்று, எண்ணெய். தளத்தின் முன்பாதியில் அதற்கென்றே இருக்கிற எண்ணெயை மெல்லிசாகத் தடவினால்தான் குண்டு வழுக்கிப் போய்க் கடைசியில் வளையும். மிஷின் வாங்க பாய்க்கு மனசில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மாப் போட்டுத் தடவுவேன். மெல்லிசு என்பது என் கைக்கு எப்போதும் வந்ததில்லை.

இரண்டு, எச்சரிக்கை மணி. தளம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் கீ என்று கத்தும். விளையாட வருகிறவர்கள் ஓயாமல் தாண்டினார்கள், அது ஓயாமல் கத்தியது, என் கவனம் சிதறியது. பாயிடம் நச்சரித்து அதை அணைக்க வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து ஒரு அணி எங்களோடு மோத வந்தது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். நாலு தளத்துக்கும் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு பாய் வந்து தலையைச் சொறிந்தார்.

"கலாம்மா, மூணும் நாலும் விட்டுக் குடுங்க. ஒரு ஃபேமிலி வந்திருக்கு."

"பாய், மேட்ச் நடக்குது."

"ஒம்பது மணி மேட்ச்சும்மா அது. இவங்க நாகப்பட்டினத்துலேருந்து மூணு மணி நேரம் பஸ்ல வந்திருக்காங்க. எப்படித் திருப்பி அனுப்புறது?"

"கொஞ்சம் வெளியில உக்காரச் சொல்லுங்களேன்."

"நீங்க வாரத்துக்கு ஒருநாள் வர்றீங்க. மத்த ஆறு நாளும் இந்த லைட்டு அவங்களாலதாம்மா எரியுது" என்று சொல்லிவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

பதினோரு பேர். கத்தாரில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்த குமார் ஒரு மாத லீவில் வந்திருந்தான். அவன் சாரம் கட்டிய கட்டடம் ஒன்றில் இந்த மாதிரிக் கூடம் உண்டாம். கட்டி முடித்த பிறகு அவனை உள்ளே விடவில்லை. அதனால் சம்பாதித்த காசில் அக்கா பிள்ளைகள்வரை குடும்பத்தையே கூட்டிவந்திருந்தான். (இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான்.)

குமாரின் அப்பா சிங்காரவேலு. அறுபது வயதை ஒட்டியவர், ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். இரண்டு கையாலும் குண்டைப் பிடித்து, வலை விடுகிற மாதிரி குனிந்து ஒரு தள்ளு தள்ளினார். ஒன்பது கட்டை சாய்ந்தது. செபாஸ்டின் அண்ணன், "அந்த ஐயா நிக்கிற நிதானத்தப் பாருங்க கலா" என்றார். நான் பார்க்கவில்லை. நாங்கள் பின்தங்கியிருந்தோம்.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நான் போட வேண்டிய ஒரே குண்டு பாக்கி. பத்தும் சாய்ந்தால் நாங்கள் ஜெயிப்போம், ஒன்று நின்றாலும் திருச்சி. துண்டால் குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"யம்மா, பேத்தி போட்ட குண்டு நடுவுல நின்னுபோச்சும்மா. எடுத்துக் குடுக்க யாராச்சும் இருக்காங்களா?"

மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பாயைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கட்டைகளைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நீங்களே போய் எடுத்துக்கங்க."

"உள்ள போவலாமாம்மா?"

கையை மட்டும் ஆட்டினேன். போங்க, போங்க என்று.

நாலடி நடந்து குண்டை விட்டேன். அது கையை விட்ட அதே நொடியில் வலது பக்கம் தென்னை மட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் திரும்பவில்லை. என் கண் குண்டோடு போனது. குண்டு அழகாக வளைந்தது. பத்தும் சாய்ந்தது.

இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். "யெஸ்!" என்று கத்தினேன் என்றும் சொல்கிறார்கள். மேலே இருந்த திரையில் பொம்மைக் கட்டைகள் கைகோத்து ஆடின. பட்டாசுச் சத்தம் வந்தது. யாரும் கைதட்டவில்லையே என்று அப்போதுதான் திரும்பினேன்.

மூன்றாவது தளத்தின் நடுவில் சிங்காரவேலு ஐயா கிடந்தார். வேட்டி முழுக்க எண்ணெய். வலது கை மணிக்கட்டுக்கு மேலே வேறு திசையில் திரும்பியிருந்தது. தூக்கப் போன குமாரும் வழுக்கி விழுந்தான். செபாஸ்டின் அண்ணன் வாய்க்காலில் கால் வைத்து நடந்து போனார். திரையில் பட்டாசு மட்டும் நிற்கவே இல்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. குமார் பாயின் சட்டையைப் பிடித்து, "உள்ள வழுக்கும்னு ஏன்யா சொல்லல?" என்று கேட்டான். நான் முன்னால் போய், சுவரைக் காட்டி, "கோட்டத் தாண்டக் கூடாதுன்னு போர்டு இருக்கே" என்றேன். போர்டு இங்கிலீஷில் இருந்தது.

ஐயா தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். போகச் சொன்னது நான்தான் என்று அவர் சொல்லியிருந்தால் என் கதை முடிந்தது. "நானாத்தான் போனேன். யார் மேலயும் தப்பில்ல, விடுடா" என்று மகனிடம் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும், அன்று ஆள் இல்லை. நானே போனேன். இடது கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சாஞ்சுச்சுல்லம்மா?"

"என்னங்கய்யா?"

"உன் கட்டைங்கதான். விழுந்து கெடந்துக்கிட்டே பாத்தேன். பத்தும் போச்சுல்ல?"

ஆறு வருடமும் அதற்கு மேலும் ஊசி குத்திய கை. அன்று மூன்று முறை தவறியது.

குமாரின் லீவு முடிந்து அவன் போய்விட்டான். மாவுக்கட்டு மாற்ற, படம் எடுக்க என்று ஐயாவும் அவர் மனைவி அஞ்சம்மாவும் பஸ் ஏறி வருவார்கள். நான் சீட்டுப் போட்டு, கூடவே நடந்து, டீ வாங்கிக் கொடுத்தேன். ஊரில் மீன் விற்கிற அஞ்சம்மாவுக்கு என்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம். "தங்கமான புள்ள" என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்தார். பாயைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது. பாய் செலவையும் ஏற்றுக்கொண்டு வசவையும் ஏற்றுக்கொண்டார். சொல்லிவிடு என்று என் கணவர் தினமும் சொன்னார். நாளைக்கு என்று தினமும் நான் சொன்னேன்.

ஐந்தாவது வாரம், எக்ஸ்ரே அறை வாசலில், அஞ்சம்மா எனக்கென்று கருவாடு கட்டி எடுத்துவந்திருந்தார். அதைக் கையில் வாங்கியதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், மணி, மூன்று வார்த்தை, கையாட்டியது.

அஞ்சம்மா பொட்டலத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நாப்பது வருசம் கடல்ல நின்ன மனுசன். எந்த அலையிலயும் விழுந்ததில்ல. நீ கெட்டித் தரையில விழ வச்சுட்டியே" என்றார். கணவர் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா இது?" என்றார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அது அப்பத்தான் ஜெயிச்சு நிக்கிது. அந்நேரம் போய் என்னத்தச் சொல்ல?"

அஞ்சம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிய திட்டில் எக்ஸ்ரே எடுக்கிறவர் கதவைத் திறந்து பார்த்தார். நான் அன்றே பாயிடமும் போய்ச் சொன்னேன். அவர், "தெரியும்மா. கேமராவுல பாத்தேன்" என்றார். அதன் பிறகு நான் அந்தக் கூடத்துக்குப் போகவில்லை.

எலும்பு கூடியது. ஆனால் கை திரும்பவில்லை. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே நின்றுவிட்டது, மேல் பக்கம் வரவே வராது. பிடியில் வலுவும் இல்லை. வலை இழுக்க முடியாமல் படகை விற்றார். அந்த வருடத்தோடு ஊருக்கே வந்து அப்பாவோடு கடலுக்குப் போவதாக இருந்த குமார், கத்தாரில் இன்னும் ஐந்து வருடம் சாரம் கட்டினான். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நானும் இந்த இடத்தில் அடைப்புக்குறி போடப் போவதில்லை.

குமார் ஒரு வழியாகத் திரும்பிவந்து கல்யாணம் செய்துகொண்டான். அழைப்பிதழ் வந்தது, அஞ்சம்மாவே போன் செய்து, வராவிட்டால் பார் என்று மிரட்டவும் செய்தார். நாகப்பட்டினத்தில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்து வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போனார்.

"இதுதான் அந்தப் பொண்ணு. எங்க வீட்டுக்காரர் கைய ஒடிச்சது."

"ஓ, இவங்கதானா!" என்று சம்பந்தி வீட்டார் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஒரு பெரியவர் தன் கைகளை வேட்டிக்குள் ஒளித்துக்காட்டினார். மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சிங்காரவேலு ஐயா. இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர், அவர்கள் வீட்டுக் குழந்தைகள் என்னை "கையொடிச்ச அத்தை" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தாலி கட்டுகிற நேரத்தில் அட்சதைத் தட்டு வந்தது. எல்லாரும் கையை ஏந்தினார்கள். ஐயா வலது கையை நீட்டினார். அது குப்புறவே நின்றது. இடது கையில் வாங்க அவருக்கு மனமில்லை. தட்டு வைத்திருந்த பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அஞ்சம்மா என் கையை இழுத்து விரித்து அதில் இரண்டு பிடி அரிசியைப் போட்டார்.

"அவரு பங்கையும் நீயே போடு."

மேளம் கொட்டியது. முதலில் அவருடையதைப் போட்டேன்.