ஏறிக்கொண்டே போகும் முள்

பாய்லரின் அழுத்தத்தைக் காட்டும் முள் மூன்றைத் தொட்டிருந்தது. ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. க்ளைவ் ஆர்மராட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முள்ளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, அங்கேயே நின்றது.

"நேத்து சாயங்காலம்தானே இறக்கி வெச்சேன்?"

"யாரைக் கேக்கறே? என்னையா, பாய்லரையா?" என்றாள் அவர் மனைவி லொரைன். அவள் சமையலறைக்குள்ளேயே கோட்டும் கையுறையுமாக டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றை எட்டினால் அந்த பாய்லர் தானாக அணைந்துவிடும். அணைந்தால், வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்றும் சுடாது. பாய்லரும் அவையும் சேர்ந்து ஒரே மூடிய குழாய்ச் சுற்று, வெளியிலிருந்து தண்ணீர் புகுந்தால்தான் முள் இப்படி ஏறும். ஷெஃபீல்டில் ஜனவரி மாதம், வெளியே புல் எல்லாம் உறைந்து கிடந்தது. மகள் ஹாலி, பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையோடு சனிக்கிழமை வந்து ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு சூடாகவில்லையென்றால் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

க்ளைவின் சம்பந்தி வீட்டில் தரைக்கு அடியிலேயே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம். ஜனவரியிலும் வெறுங்காலோடு நடக்கலாமாம். இதைச் சம்பந்தி சொல்லிக் காட்டாத கிறிஸ்துமஸ் கிடையாது. முதல் பேத்தி, முதல் மாதம், அந்த ஆளின் மடியில்! நினைக்கவே க்ளைவுக்கு வயிறு எரிந்தது.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு ஆள் ஓசியில் ஏறியதில்லை. இப்போது அவர் வீட்டுக் குழாய்க்குள் தண்ணீர் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறது. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறது என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாடி ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்துதான் முள்ளை இறக்கினார். மை மாதிரி கறுப்புத் தண்ணீர் பீறிட்டு லொரைனின் வெள்ளைக் கம்பளத்தில் விழுந்தது. கம்பளத்தின் விலை என்ன என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமையான இன்று, பாய்லருக்குக் கீழே தண்ணீர் நிரப்புகிற குழாய்தான் கசிந்து உள்ளே விடுகிறது என்று முடிவுகட்டினார். அந்தக் குழாயையே கழற்றி எடுத்து, இரண்டு வாயையும் இறுக மூடினார். முள்ளைத் தாழ இறக்கிவிட்டு, சம்பந்தியை நினைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

புதன்கிழமை காலையில் முள் மூன்றைத் தாண்டியிருந்தது. மிஞ்சிய தண்ணீர் வெளிச்சுவரில் இருக்கும் பாதுகாப்புக் குழாய் வழியாகச் சொட்டி, வாசல்படியில் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. தபால்காரர் அதில் சறுக்கி உட்கார்ந்தார். எழுந்து போகும்போது கடிதங்களைக் கொடுக்காமலே போனார்.

பாய்லருக்குள் காற்று அடைத்த உருளை ஒன்று உண்டு. தண்ணீர் சூடாகிப் பெருகும்போது இடம் கொடுப்பது அதன் வேலை. அதில் காற்று குறைந்திருக்கும் என்று இணையத்தில் ஒருவன் அடித்துச் சொன்னான். க்ளைவ் முள்ளை இறக்கிவிட்டு, சைக்கிள் பம்பை எடுத்து, தோள் இறங்கிப்போகும்வரை அடித்தார். வியாழக்கிழமை காலையில் முள் மூன்றில்தான் இருந்தது. தோளைத் தூக்க முடியவில்லை.

"பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்," என்றாள் லொரைன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருப்பவர் பாரக்ளஃப். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடுவேலிச் செடியை அவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு முழம் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் சண்டை. சண்டை என்றால் சத்தம் ஒன்றும் கிடையாது. குப்பைத் தொட்டி வைக்கும் நாளில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான்.

"அந்த ஆள் வாசல்ல போய் நின்னு, என் வீட்டுக் கோளாறை நான் சொல்லணுமா? அதுக்கு நான் விறைச்சே செத்துப்போறேன்."

வேறு வழியில்லாமல் பாய்லர் பழுது பார்க்கும் டெனிஸைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி, ஊர் வழக்கப்படி எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். தன் அறுபத்தாறு வயதில் ஒருத்தி தன்னைக் கண்ணு என்று கூப்பிடுவதை க்ளைவ் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். அவள் பாய்லரைப் பிரித்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றிலும் குறையில்லை என்றாள். கடைசியாக ஒரு சோதனை சொன்னாள். முள்ளை இறக்கிவிட்டு, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீரையே நாளை காலைவரை அடைத்துவிட வேண்டும். சொட்டுத் தண்ணீர் வரவழியில்லாத வீட்டில் முள் எப்படி ஏறுகிறது, பார்த்துவிடலாம்.

பாத்திரங்களில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். வெள்ளிக்கிழமை காலை க்ளைவ் போய்ப் பார்த்தார். மூன்று.

டெனிஸுக்குப் போன் போட்டு, இது அநியாயம், இதைச் செய்து விற்றவன்மேல் வழக்குப் போடுவேன் என்று குதித்தார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கண்ணு, இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். அடைச்சு வெச்ச வீட்டுல தண்ணி ஏறுதுன்னு நீதான் மொதல்ல சொல்றே. சரியாத் தூங்கறியா?"

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை. மொத்தத் தண்ணீரையும் வெளியே விட்டு, குழாய்களைக் காலி செய்து, கழற்றி வைத்த குழாயைத் திரும்ப மாட்டிப் புதிதாக நிரப்பிவிடுவது என்று கிளம்பினார். மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழ்அறை ரேடியேட்டரின் அடித்திருகில் தோட்டத்து ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகப் புல்லில் போட்டார். வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டரும் சேர்த்து நூறு லிட்டர் பிடிக்கும். அரைமணியில் தீர்ந்துவிட வேண்டும்.

மூன்றரை மணிக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கறுப்பாக வந்தது, இப்போது குடிக்கலாம் போலத் தெளிவாக வந்தது. முள் அரைக்குக் கீழே இறங்க மறுத்தது. புல்வெளி குளமாகி, தண்ணீர் வேலிக்கு அடியில் புகுந்து பாரக்ளஃப் வீட்டு நடைபாதைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் அது உறையவும் ஆரம்பித்துவிட்டது.

"வீடு சூடாயிடுச்சாப்பா?" என்று ஹாலி போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"ஒரு மணி நேரம் குடும்மா. கடைசித் தண்ணி ஓடிட்டிருக்கு. காலியானதும் நிரப்பி மூட்டிடுவேன்."

"ஒரு மணி நேரம்தான்ப்பா. அதுக்கு மேல நான் அவங்களுக்குச் சொல்லிடுவேன்."

போனை வைத்தார். வாசல் மணி அடித்தது. திறந்தால் பாரக்ளஃப் நின்றிருந்தார். கனத்த கோட்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, காதை மூடிய குல்லாய். உறைந்த நடைபாதைக்காகத்தான் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று க்ளைவுக்குப் பட்டது. வரட்டும். வேலி வெட்டிய கதையைத் தேதி வாரியாகச் சொல்வதற்கு ஆறு வருஷமாகத் தயாராக இருந்தார்.

பாரக்ளஃப் தன் காலணியைப் பார்த்தார். இந்த வருஷம் குளிர் அதிகம்தான் என்றார். க்ளைவும் ஆமாம் என்றார். பாரக்ளஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க, மிஸ்டர் ஆர்மராட். போன ஞாயித்துக்கிழமை என் மச்சான் நம்ம நடுச்சுவர்ல ஒரு ரேடியேட்டர் மாட்டி, சுவருக்குள்ள கிடந்த ஏதோ பழைய குழாயோட சேர்த்து விட்டான். அன்னையிலேருந்து என் பாய்லர்ல பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மூணு வரைக்கும் நிரப்பி வெக்கறேன், மறுநாள் சாயங்காலத்துக்குள்ள காணாமப் போயிடுது. இன்னிக்கு ரெண்டு மணியிலேருந்து நிரப்பற குழாயை முழுசாத் திறந்தே விட்டிருக்கேன், முள் அரையை விட்டு அசைய மாட்டேங்குது. உங்க வீட்டுல எப்படி?"