கும்மிடிப்பூண்டி வானத்தில் ஒரு கானா

மைக்செட் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே சத்தம் சரியில்லையோ அங்கே அவன் கை போய்விடும். விருந்தாளியாகத்தான் கல்யாணத்துக்குப் போயிருப்பான். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மேடை ஸ்பீக்கர் ‘கொய்ங்’ என்று கத்தும். உடனே எச்சில் கையோடு எழுந்து போய் ஒயரைப் பிடித்து ஆட்டுவான். அவனை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நான் வியாசர்பாடியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். ஃபுட்பால் மேட்ச், காதுகுத்து, கத்திவாக்கம் பக்கத்துக் குப்பங்களில் அம்மன் திருவிழா, சாவு வீட்டில் கானாக் கச்சேரி என்று எதுவானாலும் என் ஸ்பீக்கர்தான் கத்தும். இந்த வியாதியைத் தரையோடு வைத்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் அதை வானத்துக்கும் கொண்டுபோனேன்.

என் தங்கை அரசி ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பைலட் லைசென்சுக்காக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வந்த செல்வின், அவள் ஊசியை எடுத்ததைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். (ஏரோப்பிளேன் ஓட்டப்போகிறவனுக்கு ஊசி என்றால் பயம்.) அவள் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினாள். கண்ணைத் திறந்ததும் அவன் முதலில் பார்த்தது அவளைத்தான் என்று அவனும், முதலில் பார்த்தது சீலிங்கைத்தான் என்று அவளும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எப்படியோ காதல் வந்துவிட்டது.

செல்வின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். அப்பா இல்லை. அம்மா எஸ்தர்தான் கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்துகிறார். அவர்கள் வீட்டில் ஏசு படம், எங்கள் வீட்டில் புத்தர் படம். சாதியும் வேறு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எஸ்தரம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “உங்கம்மா சம்மதிச்சாதான் கல்யாணம். திருட்டுத்தனமா மாலை மாத்திக்க மாட்டேன்” என்று அரசி செல்வினிடம் சொல்லிவிட்டாள். ஆக, மொத்தமும் அந்த அம்மாவின் ஒரு வார்த்தையில் தொங்கியது.

கடைசியில் எஸ்தரம்மா ஒரு படி இறங்கி வந்தார். முதலில் பெண்ணின் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்கு வர மாட்டாராம், அவர் வீட்டுக்கும் இப்போது வேண்டாமாம். அதனால், லைசென்ஸ் வாங்கியபின் செல்வின் பயிற்சி கொடுக்கிற விமான கிளப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பது என்று முடிவாயிற்று. கும்மிடிப்பூண்டி தாண்டி, ஒரு ஓடுபாதை, ஒரு கொட்டகை, ஓடு போட்ட ஒரு அறை, அவ்வளவுதான் கிளப்.

கிளம்பும்போது அரசி வாசல்வரை வந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணா, அந்தம்மா கேட்டா மட்டும் பதில் சொல்லு. ஒயுங்கா தமிழ் பேசு. பாட்டு கீட்டு பாடிடாத. என் வாழ்க்கை.”

“நான் இன்னா கொயந்தையா?” என்றேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கிளப்பில் எஸ்தரம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் கைப்பை, கையில் கிளப்பின் டீ. நான் வணக்கம் சொன்னேன். என்னைத் தலையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தார். மூட்டையைக் குத்தூசியால் குத்திச் சரக்கு பார்ப்பார்களே, அந்தப் பார்வை. என்ன தொழில் என்று கேட்டார். “ஒலி அமைப்பு” என்றேன். (மைக்செட்டை மைக்செட் என்று நான் சொல்லாமல் விட்டது வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான்.) அவர் டீயை ஊத ஆரம்பித்தார். மௌனம் தாங்க முடியாமல் செல்வின், “மச்சான ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு வரேம்மா” என்றான். போய்ட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன் என்று கையை அசைத்தார்.

விமானம் என்றதும் நான் பெரிதாக நினைத்துவிட்டேன். அது எங்கள் பக்கத்து மூணு சக்கர மீன்பாடி வண்டிக்கு இறக்கை வைத்தது மாதிரி இருந்தது. இரண்டே சீட். என் தோளும் அவன் தோளும் ஒட்டிக்கொண்டன. அவனுக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங், எனக்கு முன்னாலும் ஒன்று. என் ஸ்டியரிங்கில் சுருள் ஒயரோடு ஒரு சின்னப் பொத்தான் ஒட்டப்பட்டிருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று செல்வின் பொறுமையாக விளக்கினான். அந்த நேரம் பார்த்து நான் தலையில் மாட்டிய ஹெட்போனின் உள்பஞ்சு அசலா டூப்ளிகேட்டா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அதனால்தான் இந்த இன்டர்காம். ஹெட்போனில் வாய்க்கு முன்னால் ஒரு குட்டி மைக், பேசினால் மற்றவர் காதில் விழும். அதே கம்பியில் பாட்டும் வரும் என்று செல்வின் சொன்னதும், தங்கை சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. என் போனை ஒயரில் சொருகினேன். எங்கள் ஏரியாப் பசங்க அடித்த கானா மெட்டு, வெறும் தாளம் மட்டும், இரண்டு காதிலும் நிறைந்தது. நான் ஆயிரம் கச்சேரிக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு சுத்தமான சத்தத்தைக் கேட்டதில்லை. விமானம் மேலே ஏறிவிட்டது, கீழே கழனி, ஏரி, தூரத்தில் எண்ணூர் புகைபோக்கிகள், அதற்கப்பால் கடல். எனக்குச் சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒரு குறை. நல்ல இடத்தில் தாளம் ‘டக்’கென்று அமுங்கிவிடும். யாரோ ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். முடிந்ததும் தாளம் திரும்ப வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அமுங்கும். ரேடியோவில் பேச்சு வந்தால் பாட்டு தானாக அடங்குகிற மாதிரிதான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியுமா? லூஸ் கான்டாக்ட் என்று நினைத்தேன். கை அரித்தது. செல்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். இங்கிலீஷ்காரர் பாதிப் பேச்சில் காணாமல் போனார். தாளம் முழுசாக வந்தது. விட்டேன், இங்கிலீஷ்காரர் வந்தார். அழுத்தினேன், போனார்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. எங்கள் தொழிலில், அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் மைக்கில் யாராவது நீளமாகப் பேசினால், கை வலிக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒயர் கட்டுவதற்காக மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் பேண்ட் போட்டிருப்போம். அதில் ஒன்றைக் கழற்றிப் பொத்தான்மேல் இறுக்கிச் சுற்றினேன். அப்புறம் இடைஞ்சலே இல்லை.

“இன்னைக்கு ரேடியோ ரொம்ப அமைதியா இருக்கு” என்று செல்வினும் சந்தோஷப்பட்டான்.

அந்தப் பொத்தான் கீழே இருப்பவர்களோடு பேசுவதற்கான பொத்தான். அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கீழிருந்து எதுவும் நமக்குக் கேட்காது, நம் பேச்சு எல்லோருக்கும் கேட்கும். அதிலும் யார் பக்கத்துப் பொத்தானோ அவர் மைக் மட்டும்தான் போகும். பாட்டு போகாது, செல்வின் குரல் போகாது. என் குரல் மட்டும், தாளமில்லாமல், துணையில்லாமல், ஓடு போட்ட அறையின் ஸ்பீக்கரில் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஸ்பீக்கருக்குக் கீழேதான் எஸ்தரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று செல்வின் கேட்டான். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் பக்கத்து ஆளிடம் ஒருவரைப் பற்றிக் கேட்டால் பதில் பாட்டாகத்தான் வரும். ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே கட்டினேன்:

*ராயபுரம் கல்லாவுல குந்திக்கீது சிங்கம்,*
*சிரிப்புக்கும் ஜி.எஸ்.டி. போட்டுப்புடும் தங்கம்.*
*பருப்ப நிறுக்கசொல்லோ பல்லி கூட நவுராது,*
*மொறைச்சாக்கா ஃபேன் கூட மூச்சு வுட்டுச் சுத்தாது.*

செல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தவன் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். அம்மாவையும் விட முடியாது, அரசியையும் விட முடியாது, தினமும் கடை ஷட்டரை இறக்கும்போது இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்து திரும்பிப் போகிறது என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி அவன் துக்கத்துக்காக, பாதி விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்ற கவலையில்.

கீழே அந்த அறையில் கேட்டது என் பக்கத்துப் பேச்சு மட்டும்:

“இன்னா மச்சான், அழுவுற? ... அழுவாத மச்சான். ஏரோப்பிளேன் ஓட்டசொல்லோ அழுதா ஆவாது. ... மூக்க அப்பால சிந்திக்கலாம், நீ முன்னாடி பாரு. ... எங்க வூட்லயும் அதான் கத. அரசி வேலைக்குப் போறா, வர்றா, செவுத்தப் பாத்துகினு குந்திகிறா. ஒரு வார்த்த பேச்சு இல்ல. உங்கம்மா மனசு நோவக்கூடாதுன்னு சொல்றா, அவ மனசு நொந்துகினு கீது, அத்த யார் கேக்கிறது? ... இல்ல மச்சான், உங்கம்மா கெட்டவங்க இல்ல. பயப்பட்றாங்கோ. நாங்களும்தான் பயப்பட்றோம்.”

இவ்வளவு நல்ல வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவனைத் தேற்றுவதற்காக அந்த அம்மாவைப் பற்றியே இன்னொரு சரணம் ஆரம்பித்தேன்.

பாதிச் சரணத்திலேயே திரும்பும் நேரம் வந்தது. செல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறங்கப்போவதாக ரேடியோவில் சொன்னான். பதில் இல்லை. மறுபடி சொன்னான். ரேடியோவைப் பார்த்தான். அதில் பேசும்போது மட்டும் எரிய வேண்டிய ஒரு சின்ன எழுத்து அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். என் ஸ்டியரிங்கைப் பார்த்தான். ரப்பர் பேண்டைப் பார்த்தான். அதைக் கழற்றினான். அவன் முகம் ஊசியைப் பார்த்த முகமாக மாறியது.

உடனே ரேடியோவில் நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். தனியாகப் பறக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவி ரொம்ப நேரமாக வாயைத் திறக்க முடியாமல் என் கச்சேரியைக் கேட்டபடி சுற்றிக்கொண்டிருந்தாளாம். கிளப் தலைவர் இங்கிலீஷில் வெடித்தார். அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம். யாரோ யாரிடமிருந்தோ மைக்கைப் பிடுங்கியது போல இருந்தது.

“ஏலே செல்வின். கண்ணத் தொடச்சிட்டு வண்டியக் கீழ எறக்கு. அந்தத் தம்பியையும் பத்திரமா எறக்கு.”

அதற்கப்புறம் தாளம் வந்தது. நான் போனைப் பிடுங்கினேன்.

இறங்கி அந்த அறைக்கு நடந்த தூரத்தில், அரசியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். வியாசர்பாடிக்குப் போகாமல் அப்படியே ஆந்திராவுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. என் தங்கையின் வாழ்க்கையை நானே ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. கிளப் தலைவர் வாசலிலேயே செல்வினை வறுக்கத் தயாராக நின்றார். எஸ்தரம்மா அவரைக் கையால் விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

“நீ அழுதியால?”

செல்வின் தரையைப் பார்த்தான்.

“இவுக அப்பா போனப்பக்கூட இவன் அழல, தம்பி” என்று என்னிடம் சொன்னார். “நாந்தான் அழல, அதனால இவனும் அழல. இப்ப உங்க தங்கச்சிக்காக அழுதிருக்கான்.”

அவர் கண்ணும் நனைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ரெண்டாவது பாட்டு பாதியில நின்னு போச்சு. மிச்சத்தப் பாடுங்க.”

நான் கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. எஸ்தரம்மா, செல்வின், இன்னும் கோபம் ஆறாத தலைவர், அப்போதுதான் தரையிறங்கிய அந்த மாணவி, டீ கொண்டுவந்தவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மைக் இல்லாமல், டீ மேஜையில் தாளம் தட்டி ஒரு பெண்மணியை அவர் முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்து முடித்தேன். என் குரல் எனக்கே கோழி மாதிரிக் கேட்டது. முடிந்ததும் அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

“மொதப் பாட்டுல பருப்ப நிறுக்கதுன்னு பாடுனீங்க. நாங்க நிறுக்கதில்ல. மூட்டையாத்தான் விக்கோம். மொத்தக் கடை.”

என் பாட்டின் ஜி.எஸ்.டி. அடி ஸ்பீக்கரில் வந்தபோது அறையிலிருந்த எல்லோரும் அவரைப் பார்க்காமல் டீயைப் பார்த்தார்களாம். அவர் மட்டும், “சரியாத்தான் சொல்லுதான்” என்றாராம். இதை டீக்காரர் எனக்கு அப்புறம் சொன்னார். செல்வினைக் கிளப் கொஞ்ச நாள் பறக்க விடாமல் உட்காரவைத்தது. என்னை அந்தப் பக்கமே வரக்கூடாது என்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தரம்மா எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படியைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, அரசியின் கையைப் பிடித்தார். அவள் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, மேலே என்ன பாடினாய் என்று கேட்டாள். நான் கடைக்குப் பால் வாங்கப் போய்விட்டேன்.

இப்போது அரசிக்கு ஒரு பெண் குழந்தை. ராயபுரம் வீட்டில் பாட்டிதான் தூளி ஆட்டுகிறார். அந்த அம்மாவுக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது, தெரிந்ததெல்லாம் என் கானாதான். சிங்கத்தையும் ஜி.எஸ்.டி.யையும் அப்படியே வைத்துக்கொண்டார். பருப்பு வரியைத் திருத்திவிட்டார். ஃபேன் வரியைத் தூக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்று கட்டியிருக்கிறார். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பாடுவார்:

*மூட்டப் பருப்பு எறக்கயில பல்லி கூட நவுராது,*
*மைக்கு மாமன் புடிச்சாக்க மானம் மட்டும் மிஞ்சாது.*

அந்தக் கடைசி வரி வந்ததும் குழந்தை தூளி விளிம்பைப் பிடித்து எட்டி, என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தூங்குகிறது.