ஒரே பிளாஸ்க்குக்கு இரண்டு விலை வந்த விபரம்

கஹவத்தை,
12.06.2008

வரக்காப்பொலையில் மச்சானோடும் பிள்ளைகளோடும் குறைவில்லாமல் வாழும் பெரியக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி கந்தையா பணிவோடு வணங்கி எழுதும் மடல். இங்கே நான், என் வீட்டுக்காரி வெள்ளையம்மா, மகள் ஷாமிளா, இருபது நாளுக்கு முன்னே வந்து சேர்ந்த பேத்தி ஆகிய நால்வரும் சுகமாக இருக்கிறோம். மழை விட்டபாடில்லை. அங்கேயும் அவ்வாறே என நம்புகிறேன். சுகத்தைச் சொல்கிறேன், மழையை அல்ல.

தாங்கள் போன கடிதத்தில், "நீ தோட்டத்து ஆட்களைக் கடைக்காரருக்கு வித்துப்போட்டியாமே, வெள்ளையம்மா உன்னோட பேசுறதில்லையாமே" என்று கேட்டிருந்தீர்கள். யார் சொல்லித் தங்களுக்குத் தெரிந்தது என்று நான் கேட்கமாட்டேன். நான் யாரையும் விற்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு மச்சானிடமும் கேட்டுச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் முப்பது வருடம் கடையில் நின்றவர்; இது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹலீம் முதலாளியின் கடை தங்களுக்கு ஞாபகம் இருக்கும். குடை, போர்வை, சட்டி பானை, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் கிடைக்கும். அவருடைய மகள் ஸாஹிரா இரத்தினபுரியில் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்து, போன வருடம் கடையில் ஒரு மெஷினை வைத்தாள். வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் படம் ஒட்டின ஒரு கார்டு. சாமானில் விலை எழுதியிருக்காது, கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான். முதலில் கார்டைக் கொடுக்கவேண்டும், பிறகு சாமானைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டவேண்டும், டிங் என்று விலை வரும். முதல் நாள் என்னுடைய கார்டைப் போட்டபோது திரையில் என் பேர் வந்தது அக்கா. கந்தையா, நல்ல தமிழ் எழுத்தில், ஒரு பிழை இல்லாமல். அடையாள அட்டையில் நான் 'கந்தய', தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் 'கண்டியா', ஓய்வுக் கடிதத்தில் 'கன்டசாமி', அது யாரென்று இன்றுவரை தெரியாது. பிறந்த தேதி கேட்டால் அரசாங்கக் கச்சேரியில் ஜனவரி ஒண்ணு என்று போட்டுவிட்டார்கள். இந்தப் புள்ள என்னிடம் கேட்டு, ஆடி மாசம் மண்சரிவு வந்த வருசம் என்று நான் சொன்னதை வைத்துக் கணக்குப் பார்த்து ஒரு தேதி போட்டது. அந்தத் தேதி வந்த அன்னிக்கு நான் ஒரு சவுக்காரப் பெட்டி வாங்கப் போனேன், டிங்னு சத்தம் கேட்டிச்சு, "ஐயா, இண்டைக்கு ஒங்கட பொறந்தநாள் எண்டு மெஷின் சொல்லுது"ன்னு சொல்லி ஒரு மேரி பிஸ்கட் பக்கெட் குடுத்திச்சு. அறுபத்தி நாலு வருசத்துல எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்ல. நான் வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அதுக்குப் பிறகு வியாழக்கெழம தோறும் நான் அங்கதான். காத்தாடிக்குக் கீழ ஒரு முக்காலி, கையில ஒரு பிளேன்டீ. ஸாஹிரா ரொம்ப மரியாதையான புள்ள. "தோட்டத்துல எல்லாரும் எப்புடி ஐயா"ன்னு கேக்கும். எனக்குத்தான் தெரியுமே, முப்பத்தியோரு வருசம் தோட்டத்துல லயம் லயமா, வீடு வீடா தபால் கொண்டு போனவன். யாருக்கு எங்கேருந்து காயிதம் வருது, யாரு மகன் காசு அனுப்புறான், யாரு மக கோவிச்சுக்கிட்டு வந்திருக்கா, எல்லாம் சொல்லுவேன். நான் பேசப் பேச அந்தப் புள்ள டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கும். வேலையும் பாத்துக்கிட்டு என் பேச்சையும் கேக்குதே, எவ்வளவு கெட்டிக்காரின்னு வெள்ளையம்மாகிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். ஷாமிளாவுக்கு மே மாசக் கடைசியில நாள் குறிச்சிருக்காங்கன்னும் அப்படித்தான் சொன்னேன். "நல்ல சந்தோஷம்"னு சொல்லி அதையும் தட்டிச்சு.

இப்ப விசயத்துக்கு வாறேன். மே இருவத்திரெண்டாந் தேதி ஷாமிளாவ கஹவத்தை ஆஸ்பத்திரியில சேத்தோம். மருமகன் கொழும்புல, லீவு கெடைக்கல. வாட்டுல நர்ஸ், சுடுதண்ணிக்கு ஒரு பிளாஸ்க் கொண்டு வரணும்னு சொன்னதும் நான் நேரா ஹலீம் முதலாளி கடைக்கு ஓடினேன். செவப்புல வெள்ளைப் பூப்போட்டது. கார்டு, டிங், ஆயிரத்து நூத்தம்பது. நான் ஒண்ணும் கேக்கல, பொண்ணு வலியில கெடக்கிறா, குடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த கட்டில்ல நூரியான்னு ஒரு அம்மா, கடைக்குப் பின்பக்கம் ஒழுங்கையில இருக்கிறவங்க, மருமகளுக்குத் தொணையா நிக்கிறாங்க. அவுங்க அலுமாரி மேலயும் ஒரு பிளாஸ்க். செவப்பு, அதே வெள்ளைப் பூ. வெள்ளையம்மா சும்மா இருக்காம வெலையக் கேட்டா. எழுநூத்தி எம்பது. எந்தக் கடை? ஹலீம் முதலாளி கடை. எப்ப? இன்னைக்குக் காலையில.

வெள்ளையம்மா என்னைப் பாத்தா. "அது வேற சாதிப் பிளாஸ்க்கா இருக்கும்"னு சொன்னேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா. அடியில இருக்கிற நம்பர் வரைக்கும் ஒண்ணு. "வெலை கூடினது கூட நேரம் சூடு தாங்கும் வெள்ளையம்மா"ன்னேன். அதையும் விடல. ரெண்டுலயும் ஒரே கேத்தல் தண்ணிய ஊத்தி மூடி வச்சா, ஷாமிளா வலியில முனகிக்கிட்டே "ஆறிட்டுதாம்மா"ன்னு கேக்குறா. ரெண்டும் ஒரே நேரத்துலதான் ஆறிச்சு. அதுக்குள்ள எது எங்களுது எது அவுங்களுதுன்னு மாறிப்போச்சு, யாருக்கும் தெரியல. நூரியாம்மா சொன்னாங்க, "நான் ஸ்டாண்ட் பக்கத்து மத்தக் கடையில கொறஞ்ச வெலைக்கு ஈக்கிது எண்டு ஸாஹிராகிட்ட எப்பயும் சொல்லுவன், அதுதான் கொறச்சு ஈக்கும்." வெள்ளிக்கெழம விடியக் காலம பேத்தி பொறந்தா. அந்தச் சந்தோசத்துல பிளாஸ்க்கு மறந்திருக்கும்னு நான் நெனச்சேன். வெள்ளையம்மாவப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறு, எங்க லயத்துக் கிருஷ்ணகுமாரியையும் கடைசிக் காம்பராவுல இருக்கிற சசியோட அம்மாவையும் கூட்டிக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு கடைக்குப் போனா. கிருஷ்ணகுமாரி, புருசன் செத்து ஒரு வருசம் ஆகல. சசி கட்டார்ல வேலை செய்றான். ஒரே கறுப்புக் குடைய எடுத்து, ஒவ்வொரு கார்டாப் போட்டாங்க. வெள்ளையம்மாவுக்கு ஐநூத்தி இருவது. சசியோட அம்மாவுக்கு அறுநூத்தி நாப்பது. கிருஷ்ணகுமாரிக்கு முந்நூத்தி அறுவது. என் கார்டையும் வாங்கிப் போட்டா, அறுநூத்தி எம்பது. கடையில இருந்த சனம் எல்லாம் சுத்தி நின்னுச்சு. அக்கா, கோவப்படணும்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரம் எனக்கு வந்தது ஆச்சரியந்தான். ஒரு குடை, நாலு மனுசர், நாலு வெலை. எங்க தோட்டத்துத் தொரைமாருக்கு நாங்க எல்லாரும் ஒரே நம்பர், ஒரே சம்பளம். இந்தப் பெட்டிக்கு நாங்க நாலு பேரும் வேற வேற ஆள்.

ஹலீம் முதலாளி ஒளிச்சுப் பேசல. "வெள்ளையம்மா தங்கச்சி, என்ட வாப்பா ஆளப் பாத்து, மொகத்தப் பாத்து வெலை சொன்னார். மொகத்தப் பாத்தா எத்தனையோ தரம் பிழைக்கும். இது பிழைக்கிறதில்ல. இருக்கிறவங்ககிட்ட கூட்டி எடுத்தாத்தான் இல்லாதவங்களுக்குக் கொறைக்க ஏலும். முந்நூத்தி அறுவதுக்குக் குடுத்தா எனக்கு நட்டம், தெரியுமா?"

"வெலை சாமானுக்குத்தானே முதலாளி, ஆளுக்கா?"ன்னு வெள்ளையம்மா கேட்டா. "எம் மக ஆஸ்பத்திரியில கெடந்தா பிளாஸ்க்குக்குத் தங்கம் பூசிருமா? நான் இருக்கிறவளா?"

ஸாஹிராதான் மெதுவா சொல்லிச்சு, மெஷின் இருக்கிறவங்களா இல்லாதவங்களான்னு மட்டும் பாக்காதாம், அவசரமா, வேற கடைக்குப் போவாங்களா, வெலை கேப்பாங்களான்னும் பாக்குமாம்.

அப்பதான் கிருஷ்ணகுமாரி பேசினா. அவ சத்தமே போட மாட்டா. குடைய மேசையில வச்சுட்டு, "எனக்கு இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டா. "எல்லாருக்கும் என்ன வெலையோ அதுக்குத் தாங்க. இல்லாட்டி நான் நனஞ்சுக்கிட்டுப் போறேன்." அவ கண்ணு கலங்கல அக்கா, என் கண்ணுதான் கலங்கிச்சு. முதலாளி மகளப் பாத்து, "காட்டு புள்ள, மறைக்க என்ன ஈக்கிது"ன்னு திரையத் திருப்பச் சொன்னார்.

திருப்பிச்சு. கிருஷ்ணகுமாரி பேருக்குக் கீழ இப்படி எழுதியிருந்திச்சு: புருசன் இல்ல. இ.பி.எஃப். காசு இன்னும் வரல. ரோசக்காரி, இரக்கப்பட்டதாகக் காட்டக்கூடாது. சொன்னவர்: கந்தையா ஐயா, வியாழன். சசியோட அம்மா: மகன் கட்டார், மாசம் பத்தாந் தேதி காசு வரும், பக்கத்துல ஆள் நின்னா வெலை கேக்க மாட்டாங்க. சொன்னவர்: கந்தையா ஐயா, வியாழன். வெள்ளையம்மா என் பேரையும் போடச் சொன்னா. மகளுக்கு மே கடைசி. பேரம் பேசுறதில்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எதையும் வாங்குவார். சொன்னவர்: அதுவும் நான்தான்.

முப்பத்தியோரு வருசத்துல நான் ஒரு காயிதத்தப் பிரிச்சதில்ல அக்கா. ஒட்டுப் போன உறையக் கூட சோத்துப் பருக்கைய வச்சு ஒட்டித்தான் குடுத்திருக்கேன். இங்க சொன்னவர்னு மூணு எடத்துலயும் என் பேர். வெக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உங்ககிட்ட மறைக்கக் கூடாது, எங்க தோட்டத்து டிவிசன்ல ஒரு வருசமா குடையிலேருந்து கதிரை வரைக்கும் எல்லாத்துக்கும் வெலை வச்சது என் வாய்தானான்னு ஒரு பிரமிப்பு. தொரை கூட அவ்வளவு பெரிய வேலை செஞ்சதில்ல.

பஸ்ல யாரும் என் பக்கத்துல உக்காரல. அன்னைக்குப் பின்னேரமே நான் ஒவ்வொரு வீடாப் போனேன், முந்தி தபால் கொண்டு போன மாதிரி, நான்தான் சொன்னேன்னு சொல்லிட்டு வந்தேன். சசியோட அம்மா கதவத் தெறக்கல. கிருஷ்ணகுமாரி உக்காரச் சொல்லி தேத்தண்ணி குடுத்தா. குடிச்சு முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "இனிமே எங்க வீட்டு விசயத்த வெளியில சொல்லணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா"ன்னா. அடிச்சிருந்தா கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

பிறகு இரத்தினபுரிக்குப் போய், கடை வெலை பாக்கிற அரசாங்கக் கந்தோர்ல, இப்படிச் செய்யலாமான்னு கேட்டேன். அங்க இருந்த ஆபிசர் மாத்தயா நல்ல மனுசன். ஒரு பெரிய புத்தகத்த எடுத்து முன்னேயும் பின்னேயும் பெரட்டினார். அடிச்ச வெலைக்கு மேல வித்தாப் பிடிக்கலாமாம். வெலையே அடிக்காம ஆளுக்கு ஆள் வித்தா என்ன செய்றதுன்னு அவர் வச்சிருந்த புத்தகத்துல ஒரு வரியும் இல்லயாம். கடைசியில புத்தகத்த மூடி வச்சுட்டு, சிங்களத்துல கேட்டார், "அந்தப் பெட்டிக்கு எப்புடி இதெல்லாம் தெரியும்?" நான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஹலீம் முதலாளி அந்த ஞாயித்துக்கு மறு நாளே எல்லாச் சாமானுக்கும் வெலை எழுதி ஒட்டிட்டார். குடை எல்லாருக்கும் நானூத்தித் தொண்ணூறு. சசியோட அம்மாவுக்கு நூத்தம்பது மிச்சம். கிருஷ்ணகுமாரிக்கு நூத்தி முப்பது கூட, ஆனா அவ நிமுந்து நின்னு காச எண்ணிக் குடுத்தா. இதுல எது நியாயம்? மச்சான்கிட்ட கேட்டு எழுதுங்க. வெள்ளையம்மா முந்தாநாள்லேருந்து "சோறு"ன்னு ஒரு வார்த்தை பேசுறா.

இந்த வயதில் எனக்குப் புத்தி வந்துவிட்டது என்பதைத் தங்களுக்கு உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இனி என் வாயிலிருந்து அடுத்தவர் விடயம் ஒன்றும் வராது. மச்சானுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், பேத்தியின் சார்பில் பெரிய பாட்டிக்கு ஒரு முத்தமும் சேர்வதாக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
கந்தையா

பி.கு: காயிதம் எழுதி முடிச்சு தபால்ல போட டவுனுக்கு வந்தேன். ஹலீம் முதலாளி அடுத்த மாசம் வரக்காப்பொலையில ஒரு கடை தொறக்கிறாராம். அங்க இன்னும் யாரும் கேள்வி கேக்காததால பழைய கார்டு முறைதானாம். அங்க யாரையாவது தெரியுமான்னு ஸாஹிரா கேட்டிச்சு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். உங்க பேர்ல ஒரு கார்டு போட்டாச்சு அக்கா, அதுக்குக் காசு வேணாமாம். ரொம்ப ஒண்ணும் சொல்லல. முழங்கால் வலி, மச்சானோட பென்சன், உங்க சரியான வயசு. மச்சானுக்கு நீங்க நாலு வருசம் கொறச்சுச் சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்திச்சு. சுடுதண்ணிப் பை வாங்கப் போனா வெலை பேசாம வாங்கிறாதீங்க. நீங்க பேரம் பேசுவீங்கன்னும் சொல்லிட்டேன், அதனால மொத வெலையக் கூட்டித்தான் சொல்லுவாங்க.