தானாகப் போன மன்னிப்பு

லிஃப்ட் மெக்கானிக்கின் புது செல்போன் ஆறாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. பொறுக்கி எடுத்ததில் உருப்படியாகக் கிடைத்தது சிம் கார்டு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து, அலமாரியைக் குடைந்து, பழைய பட்டன் போனைத் தேடி எடுத்தார். ஆறு வருஷமாகத் தூங்கிய போன். சிம்மைப் போட்டு, சார்ஜரைச் சொருகியதும் மூச்சு வந்தது.

“பொழைச்சிடுச்சு!” என்றார் மனைவியிடம்.

பதிலுக்குப் போன் “டிங்” என்றது. திரையில் ஒரு வரி: ‘அண்ணன் – செய்தி அனுப்பப்பட்டது.’

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அண்ணன் தச்சர். சொந்த வீட்டு மாடிப்படியைத் தன் கையாலேயே செய்தவர். புது வீட்டுக்கு உறவெல்லாம் கூடியிருந்த நாளில், “படி கோணலா இருக்கேண்ணே” என்று இவர் சொல்லிவைத்தார். “அப்ப நீ ஏறாதே” என்றார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. மறுநாளே மனசு கேட்காமல், ‘அண்ணே, தப்பு என்மேலதான். மன்னிச்சிடு’ என்று இதே போனில் அனுப்பினார். பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டும் மதிக்காத அண்ணன் என்று எண்ணைக்கூட அடுத்த போனில் ஏற்றவில்லை.

“அப்ப அது போகவே இல்லையா?” என்றாள் மனைவி. “இத்தனை வருஷமா அவர்மேல கோவப்பட்டது?”

“இப்ப போயிடுச்சே, அதுக்கு வழி சொல்லு!”

‘அது பழசு. நான் வருவேன்னு நினைக்காதே’ என்று அடிக்க உட்கார்ந்தார். ‘நான் வருவேன்’ வரை வந்ததும் பட்டன் ஒன்று மாட்டிக்கொண்டது. விடுவிக்க ஓங்கி ஒரு தட்டு தட்டினார். டிங். போய்விட்டது.

இரண்டே நிமிஷத்தில் பதில்: ‘வாடா. சாயங்காலம் காத்திருக்கேன்.’

“ஐயோ, வேலை இருக்குன்னு சொல்லிடறேன்.” ‘இன்னிக்கு’ என்று தொடங்கியதும் பட்டன் மறுபடி மாட்டிக்கொண்டது; எதற்கும் இருக்கட்டும் என்று இந்த முறை மெதுவாகத்தான் தட்டினார். ‘இன்னிக்கு’ மட்டும் போயிற்று.

‘சரி, அஞ்சு மணி’ என்று வந்தது.

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “இன்னும் ஒரு தட்டு தட்டினீங்கன்னா குடும்பத்தோட அங்கேயே குடிபோறோம்னு சொல்லிடும். சட்டையை மாத்துங்க.”

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே போனார். ஒரு சின்ன வரி போய்ச் சேராததற்கு ஆறு வருஷம். அதற்குள் அண்ணன் மகள் கல்லூரிக்கே போயிருப்பாள்.

ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார். திறந்த அண்ணன் அப்படியே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வந்துட்டேண்ணே.”

அண்ணன் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “மேல வா. அண்ணி மாடியிலதான் இருக்கா.”

படி ஏறினார். கோணல்தான். வாயை இறுக மூடிக்கொண்டார்.

“அன்னிக்கு நான் பேசினதும் அதிகம்டா,” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்தபடி. “எத்தனையோ நாள் உன் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன்.”

“விடுண்ணே. மெசேஜ் பார்த்ததும் வாடான்னு கூப்பிட்டியே, அது போதும்.”

“என்ன மெசேஜ்?”

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் ‘அண்ணன்’ என்றிருந்தது. எதிரே அண்ணன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

“அந்த நம்பரை நான் விட்டு மூணு வருஷமாச்சேடா,” என்றார் அவர்.

மெக்கானிக் தயங்கித் தயங்கிப் போனைக் காதில் வைத்தார். முன்பின் கேட்டறியாத, வயதான ஒரு குரல்:

“எங்கடா தம்பி இருக்கே? அஞ்சு மணியிலேர்ந்து வாசல்லயே நிக்கிறேன்… எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நீ வர்ற வரைக்கும் கதவைச் சாத்த மாட்டேன்.”