பேணாட்டின் ஒற்றைச் சொல் இங்கிலிஷ்

"ஒரேயொரு இங்கிலிஷ் சொல்லை வைச்சு, திருகோணமலைத் துறைமுகத்தில ஒரு கப்பலையே திருப்பி அனுப்பினனான், தம்பி!" என்றார் படகோட்டி பேணாட்.

நிலாவெளி ஹோட்டல் மனேஜர் நஸ்ரி சிரிக்கவில்லை. "என்ன சொல், அங்கிள்?"

"ஹாண்ட். கையும் அதுதான், உதவியும் அதுதான், மணிக்கூட்டு முள்ளும் அதுதான், கூலியாளும் அதுதான். 'எடுத்துத் தா' எண்டாலும் அதுதான். மனுசருக்கு வேற என்ன கதை வேணும்?"

"இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். இந்த வெள்ளைக்கார விருந்தாளியைப் புறாத் தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு முறைப்பாடு வந்திச்சோ, நாளையிலிருந்து உங்கட போட் இஞ்ச நிக்க ஏலா."

அந்தப் போட்டை நம்பித்தான் பேணாட்டின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நஸ்ரி வெள்ளைக்காரருக்கு லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி அழகான இங்கிலிஷில் ஒரு பிரசங்கமே செய்தார். வெள்ளைக்காரர் புன்னகைத்துத் தலையாட்டினார்.

"ஹாண்ட்!" என்று பேணாட் போட்டிலிருந்து கையை நீட்டினார். வெள்ளைக்காரர் ஏறாமல், அதைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் பேணாட்டின் தோள்பட்டை பக்கத்து ஊர் இறக்கக்கண்டி வரை போய்த் திரும்பியது. அலை வந்து இருவரையும் தண்ணீரில் உட்கார்த்தியது.

ஒருவழியாகப் புறப்பட்டார்கள். நேரமாகிறது என்று காட்ட, பேணாட் வெள்ளைக்காரரின் கை மணிக்கூட்டைத் தொட்டு, "ஹாண்ட்!" என்றார். மனிதர் அதைக் கழற்றிப் பேணாட்டின் கையில் கட்டிவிட்டார். பேணாட் பதறிப்போய், "ஹாண்ட், ஹாண்ட்!" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். விருந்தாளியின் தொப்பியும் பேணாட்டின் தலைக்கு வந்தது.

நடுக்கடலில் எஞ்சின் படுத்துவிட்டது. பேணாட் துடுப்பைத் தூக்கிக் காட்டி, "ஹாண்ட்!" என்று கத்தினார்.

வெள்ளைக்காரர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

கரையில் பைனாகுலரோடு நின்ற நஸ்ரிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: பேணாட்டின் கையில் விருந்தாளியின் மணிக்கூடு, தலையில் விருந்தாளியின் தொப்பி, எதிரே விருந்தாளி கையைத் தூக்கியபடி. "யா அல்லாஹ், கொள்ளையடிக்கிறாரே மனுசன்!"

கடைசியில் வெள்ளைக்காரரே துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். பேணாட் மணிக்கூட்டையும் தொப்பியையும் நஸ்ரியின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, இனி இங்கே இடமில்லை என்று அவர் போட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நஸ்ரி ஓடிவந்தார்.

"அவிழ்க்காதீங்க அங்கிள்! நீங்க கப்பலைத் திருப்பினது மெய்தான். அந்த மனுசனுக்கு இங்கிலிஷே தெரியாதாம், அவர்ட மகள் போன்ல சொன்னா. நேத்து சோறு, தேத்தண்ணி, தலகணி எல்லாத்தையும் 'ஹாண்ட்' எண்டுதான் கேட்டார்... எனக்கும் எல்லாம் விளங்கிச்சு!"