பரே முன்மொழிய, பரே வழிமொழிந்த கோல்

உதைபந்தாட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல், இருபது வருடத்துக்கு மேல் ஓர் இறுதி ஆட்டத்தையும் தவறவிடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மகாநாட்டு அண்ணை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஊரில் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர். மொன்றியலுக்கு வந்து, சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பிரெஞ்சு படிப்பித்த ரீச்சர், "கொன்ஃபெரான்ஸ்களுக்குப் போங்கள், காது பழகும்" என்றாராம். அந்த மனுசி சொன்னது சொற்பொழிவுகளை. அண்ணை மெத்ரோவில் ஒரு சுவரொட்டியைக் கண்டார். கல்லூரிகளின் கொன்ஃபெரான்ஸ், பெண்கள், சம்பியன், சனிக்கிழமை இரண்டு மணி. தங்களுக்குள் மோதும் கல்லூரி அணிகளின் தொகுதிக்கும் இங்கே அதே பெயர்தான் என்று அவருக்கு யார் சொன்னது? பெண்கள் மகாநாடு என்று நினைத்து, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கொப்பியும் பேனையுமாக வந்து இறங்கினார்.

நான் அந்தக் கல்லூரிக் கன்ரீனில் வேலை. மைதானத்து ஓரம் சூப் விற்றுக்கொண்டு நின்றேன். அந்தச் சுற்றுப்போட்டிக்கு அதுதான் முதல் வருடம். மொத்தம் நாலு அணி, இறுதி ஆட்டத்துக்கு நாற்பது சனம்.

"தங்கச்சி, கூட்டம் எங்கை நடக்குது?"

"என்ன கூட்டம் அண்ணை? இஞ்சை பிள்ளையள் பந்தடிக்கினம்."

மைதானத்தைப் பார்த்தார், கொப்பியைத் திறந்தார். "சரி, வந்தது வந்தாச்சு. அறிக்கை எழுதாமல் போகேலாது."

எழுதினார் ஐயா, எழுதினார்! தலைமை: நடுவர். சமூகமளித்தோர்: இரு அணியினர், பார்வையாளர், சூப் விற்கும் தங்கச்சி. கோல் விழுந்தால், பந்தைக் கொடுத்தவர் முன்மொழிந்தவர், அடித்தவர் வழிமொழிந்தவர். ஓஃப்சைட் என்றால், "பிரேரணை தலைவரால் நிராகரிக்கப்பட்டது." சிவப்பு அட்டை என்றால், "ஒழுங்கீனம் காரணமாக உறுப்பினர் சபையிலிருந்து அகற்றப்பட்டார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதே கோட்டோடு வந்தார். நாலு அணி எட்டானது, அரையிறுதி வந்தது, புல்லைக் கிளப்பிவிட்டுச் செயற்கைப் புல் விரித்தார்கள், சனம் குந்தியிருந்த மர வாங்குகள் போய்ப் பெரிய அரங்கு எழும்பியது. ஒரு வருடம் பனி கொட்டி வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போக, செம்மஞ்சள் பந்து தேடி ஓடினார்கள். "சபை அரை மணி ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினார். அந்தப் போட்டியின் சரித்திரம் முழுவதும் தமிழில், அவருடைய கொப்பிகளில்தான் கிடக்கிறது.

என் மகளும் ஒரு வருடம் விளையாடினாள். பாவம், பந்தைத் தடுக்கப் போய்த் தங்கள் கம்பத்துக்குள்ளேயே அடித்துவிட்டாள். அண்ணை எழுதினார்: "எதிர்த்தரப்பின் பிரேரணையைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்தார்."

"அண்ணை, அந்த வரியை வெட்டிவிடுங்கோ. பிள்ளை அழுகிறாள்."

"அறிக்கையிலை பொய் எழுதப்படாது தங்கச்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த வருடம் முழுக்க, கன்ரீனுக்கு வந்தபோதெல்லாம் அவருக்குக் கோப்பியில் சீனி போடவில்லை. மனிதர் அதையும் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன், அரங்க வாசலில் ஒரு பலகை வைப்பதென்று கல்லூரி முடிவெடுத்தது. ஒவ்வொரு இறுதி ஆட்டத்திலும் வெற்றிக் கோல் அடித்தவரின் பெயர் அதில் வரும். முதல் வருடத்துக்குக் கல்லூரியிடம் ஒரு கடதாசியும் இல்லை. பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றில், கோல் அடித்தவர் பரே என்று இருந்தது. அப்போதுதான் லோரா என்னிடம் வந்தாள். அப்போதைய கல்லூரி அணியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை.

"அந்தக் கோலை அடித்தது என் அம்மா. சாகும்வரை அதைத்தான் சொன்னா. ஒருவரும் நம்பவில்லை. உங்கள் அண்ணையின் கொப்பியில் பார்க்கலாமா?"

அவளுடைய அம்மாவும் பரேதான். ஆனால் வேறு பரே. பத்திரிகையில் இருந்தவள் பள்ளிக்கூடத்தில் வரும் 'ப'. லோராவின் அம்மா பஸ்ஸில் வரும் 'ப'. பிரெஞ்சில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. இருவரும் ஒரே அணி.

அண்ணை கொப்பியை விரித்தார். "எண்பத்தெட்டாம் நிமிடம். முன்மொழிந்தவர் பரே. வழிமொழிந்தவர் பரே. ஏகமனதாக நிறைவேறியது."

லோராவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஒற்றை 'ப' அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிட்டது.

"ஆர் அடிச்சது அண்ணை? யோசிச்சுப் பாருங்கோ."

"தெரியாது தங்கச்சி. நான் தலையைக் குனிஞ்சு எழுதிக்கொண்டெல்லே இருந்தனான்."

"தாயின்ரை பேரைச் சொல்லிவிடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

ஒரு கிழமை கழித்துக் கன்ரீனுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "தங்கச்சி! அறிக்கையை அடுத்த கூட்டத்திலை வாசிச்சு, ஆக்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது அறிக்கை. நான் ஒரு வருசமும் வாசிக்கேல்லை! அப்ப திருத்தலாம். ஆனால் அண்டைக்குச் சபையிலை இருந்த ஆள் எழும்பிச் சொல்லவேணும்."

பலகையில் முதல் பெயர் வரப்போகிறவர் என்று, அந்த வருட இறுதி ஆட்டத்துக்குப் பள்ளிக்கூடப் பரேயைக் கல்லூரி அழைத்திருந்தது. இப்போது பல் வைத்தியர், முன்வரிசையில் இருந்தார். ஆட்டம் தொடங்க முன் மகாநாட்டு அண்ணை அவருக்கு முன்னால் போய் நின்று, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, முதல் வருட அறிக்கையைத் தமிழில் ஒரு வரி விடாமல் வாசித்தார். நான் என் கன்ரீன் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்து வரிசைகளில் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

"திருத்தம் ஏதும் உண்டா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பெண் எழும்பினார். மைதானக் கோட்டு ஓரத்தில் நின்ற லோராவைப் பார்த்தபடி சொன்னார்: "நான் பந்தைக் கொடுத்தேன். அவள்தான் அடித்தாள். பத்திரிகை என் பெயரைப் போட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு திறக்க வெட்கமாக இருந்தது."

அண்ணை எழுதினார். "திருத்தம்: முன்மொழிந்தவர் பள்ளிக்கூடப் பரே. வழிமொழிந்தவர் பஸ் பரே." பல் வைத்தியரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு லோராவைக் கூப்பிட்டு, "வழிமொழிந்தவர் சார்பில்: மகள்" என்று எழுதி, அதன் கீழ் அவளையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிள்ளை தன் பெயரை முழுதாக எழுதினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பலகையில் இப்போது அவளுடைய அம்மாவின் பெயர்தான் முதலாவது.

போன மாரியில் அண்ணை கண்ணை மூடிவிட்டார். கொப்பிகளை என்னிடம் கொடுக்கும்படி சொல்லியிருந்தாராம். இந்த வருட இறுதி ஆட்டத்துக்குப் புதுக் கொப்பியோடு நான்தான் போனேன். தலைமை எழுதினேன், அணிகளை எழுதினேன். 'சமூகமளிக்காதோர்' என்று போட்டு அவருடைய பெயரை எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

பக்கத்தின் மேலே போய், சமூகமளித்தோரில் முதல் ஆளாக மகாநாட்டு அண்ணை என்று எழுதினேன். அறிக்கையில் பொய் எழுதக்கூடாதுதான். திருத்தம் இருந்தால் அண்ணையே எழும்பிச் சொல்லட்டும்.