பூர்ணிமா கல்யாணமும் மல்லாட்டைப் பாலும்

சாரம், புதுச்சேரி

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கமலக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட கிருஷ்ணசாமி வணக்கத்துடன் எழுதுவது. மடுகரையில் நீங்களும் அக்காவும் கறவை மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் போனை எடுத்தாலே, "யாரு, அண்ணனா? இப்பிடிக் குடுங்க" என்று கலைவாணி பிடுங்கிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் மகள் பூர்ணிமாதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். விஷயமே அவள் கல்யாணத்தைப் பற்றியது. அதனால் தபாலாபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

ஆரோவில் போகிற வழியில் யாரோ ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். தெருப் பெண்களோடு கலையும் போனாள். போகும்போது நல்லாத்தான் போனாள். வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பசும்பாலுக்குத் தடை. பால் குடித்தால் அவளுக்கு வயிறு உப்பும், இப்போது அந்தத் தொந்தரவு இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் வயிற்றுக்கு என் காபி என்ன செய்தது, சொல்லுங்கள் மச்சான். ஒருநாள் தேங்காய்ப் பால், ஒருநாள் பாதாம் பால், மற்ற நாளெல்லாம் மல்லாட்டைப் பால், டவுன்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது. சூடான டிகாக்ஷனில் ஊற்றினால் அது திரிந்து, மேலே தண்ணீர் அடியில் மாவு என்று நிற்கிறது. "கலக்கிக் குடிங்க, சத்து" என்கிறாள். வடிகட்டத் துணி போதவில்லை என்று என் நல்ல வேட்டியை எடுத்துவிட்டாள். துவைத்துத்தான் வைத்திருந்தாள், இருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு ஒரு துக்க வீட்டில் போய் உட்கார்ந்தேன், எறும்பு ஏறிவிட்டது. நான் நெளிந்த நெளிப்பைப் பார்த்து, செத்தவர் மேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று நாலு பேர் என்னைத் தேற்றினார்கள்.

இதையாவது பொறுக்கலாம். அந்த வகுப்பில் ஒரு பாட்டிலில் கெஃபிர் என்று கொடுத்தனுப்பினார்கள். காலிபிளவரைக் கிள்ளிப் போட்ட மாதிரி வெள்ளைக் குருணை. அதைப் பாலில் போட்டுவைத்தால் மறுநாள் புளித்த மோர் மாதிரி ஆகிவிடும், குருணையும் பெருகிவிடும். அதற்கு மட்டும் பசும்பால்தான் வேண்டுமாம்! ஆக, இந்த வீட்டில் பசும்பால் சாப்பிடுகிற ஒரே ஜீவன் அந்தக் குருணை. பெருகினதைக் கொட்டலாமென்றால், "பால்ல பொறந்ததக் கொட்டுவாங்களா?" என்று கத்துகிறாள். சரி, தெருவில் கொடுக்கலாம் என்றால், கேட்கிற பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், இருட்டினபிறகுதான் வீடு திரும்புகிறார்கள். விளக்கு வைத்தபிறகு உறைமோர்கூட வெளியே கொடுக்காத வம்சம் உங்களுடையது. கேட்கிறவர்கள் வரும்போது கொடுக்கக் கூடாது, கொடுக்கலாம் என்கிறபோது யாரும் இல்லை. பிரிட்ஜ் நிறைந்து, அலமாரி நிறைந்து, இப்போது என் மருந்து டப்பா இருந்த இடத்தில் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் நான் உதவி செய்யப் போனதுதான் தப்பு. மூடிகள் தொளதொளவென்று கிடந்தன. மில்லில் பிட்டராக இருந்த கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் நன்றாக முறுக்கி வைத்தேன். காற்றுப் போகத்தான் தளர்த்தி வைத்திருந்தாளாம், யாருக்குத் தெரியும்? மத்தியானம் கெஃபிர் பாட்டில் ஒன்று டமாரென்று வெடித்தது. மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், சிலிண்டர்தான் போய்விட்டது என்று கைலியோடு தெருவுக்கு ஓடிவிட்டார். பிள்ளையார் படத்திலிருந்து பால் சொட்டுகிறது. எனக்கு ஏதாவது ஆச்சா என்று கேட்பாள் என்று பார்த்தேன். "எந்தப் பாட்டிலு?" என்று கேட்டாள் மச்சான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு துக்கம் வந்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்தம் முடிந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பால் பழம் கொடுக்கிற முறை பூர்ணிமாவின் அத்தைக்குத்தானே? அந்தப் பாலுக்குப் பதில் மல்லாட்டைப் பால் கொடுக்கப் போகிறாளாம் உங்கள் தங்கை! மாப்பிள்ளையின் அப்பா நெடுமாறன் யார்? அவர்கள் ஊர்ப் பால் சங்கத் தலைவர். நிச்சயதார்த்தத்திலேயே, "பால் பழத்துக்கு எங்க வூட்டு மாட்டுப் பாலுதான், வெள்ளிச் சொம்புல நானே எடுத்தாருவேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். அந்த மனிதரின் மூஞ்சிக்கு முன்னால், அவர் மகன் வாயில், மல்லாட்டையா? நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். "வெள்ளையாத்தான இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது? எம் மருமவளுக்கு நல்லதத்தான் குடுப்பேன்" என்கிறாள். எத்தனை ஜாதகம் பார்த்து, எத்தனை வீடு ஏறி இறங்கி அமைந்த இடம் இது. சபையில் அவர் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டால் என்ன ஆகும்? பூர்ணிமா கண் கலங்கி நிற்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, உண்மையாகவே பயமாக இருக்கிறது.

ஆகையால், நீங்கள் அண்ணன் என்கிற முறையில் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லி, பால் பழம் கொடுக்கிற முறையை வேறு சுமங்கலி யாருக்காவது மாற்றிவிடுங்கள். பழி என் மேல் விழுந்தாலும் சரி. அக்காவுக்கு என் வணக்கம், பூர்ணிமாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். எல்லோரும் வயிறு குளிர நல்ல பசும்பால் குடித்து நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
காபிக்கு ஏங்கும்
கிருஷ்ணசாமி

பி.கு.: கவரை ஒட்டினபிறகு கிழித்து எழுதுகிறேன். பெரிய மார்க்கெட்டில் கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டில்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை மதிவாணனுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் ஆகாதாம். ஒரு மடக்கு உள்ளே போனால் வயிற்றைப் புரட்டி வாந்தியாம். "சங்கத் தலைவர் வூட்டுப் புள்ளைக்கிப் பாலு ஆவாதுன்னா ஊரு சிரிக்கும்மா. அவங்கப்பாருக்கே தெரியாது. மேடையில எம் புள்ள மானம் போயிடும். ஒங்க பாலையே குடுத்துடுங்க" என்று கலையின் கையைப் பிடித்துக்கொண்டார். கலையும் கூடச் சேர்ந்து அழுதாள். சம்பந்தி அம்மாவை இங்கே அனுப்பினது யார் தெரியுமா? பூர்ணிமா! மாப்பிள்ளை அவளிடம் எப்போதோ சொல்லிவிட்டாராம். அத்தையும் மருமகளும் பேசி வைத்துக்கொண்டு, என்னை மட்டும் இத்தனை நாள் கத்தவிட்டிருக்கிறார்கள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், தங்கையை ஒரு வார்த்தை கண்டிக்காதீர்கள், படித்ததும் கிழித்துப் போடுங்கள். உங்கள் நிலத்து மல்லாட்டையில் நல்லதாகப் பார்த்து ஒரு மூட்டை அனுப்புங்கள். முகூர்த்தத்தன்று மேடைப் படியில் நான் நிற்கிறேன். சம்பந்தியே வெள்ளிச் சொம்போடு வந்தாலும் சரி, என்னைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும்.